தங்கச்சிக்குத் தனியாகக் காய்ச்சிய கஞ்சி

நான் காய்ச்சிக் கொடுத்த ஒரு போத்தல் கஞ்சியால் ஒரு மனுசி செத்துப் போவாரோ என்று ஐந்து நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கஞ்சிக் கதைதானே என்று சிரித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதிகம் இல்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் காலையில் இலைக்கஞ்சி விற்கிறவன் நான். கப்பலில் சாமான் இறக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், சீனி வருத்தக்காரர், கடற்கரையில் நடந்துவிட்டு வருகிற பென்சன்காரர் எல்லாரும் என் வாடிக்கை. ஒரு கையில் கோப்பை, மறு கையில் பனங்கட்டித் துண்டு. ஒரு மிடறு, ஒரு கடி. படிப்பு எனக்கு ஏழாம் வகுப்போடு சரி. மிச்சத்தைச் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும் சனத்தின் வாயிலும் படித்தேன். யாராவது ஒரு சொல்லை வடிவாகச் சொல்லிவிட்டால் கஞ்சிக் கணக்கை மறந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. சிவப்பரிசியையும் தேங்காய்ப்பாலையும் நன்றாகக் கொதிக்க வைப்போம். ஆனால் இலையை அரைத்துப் பிழிந்த சாற்றை அதோடு சேர்த்துக் கொதிக்க விடுவதில்லை. சட்டியை அடுப்பால் இறக்கி, கொதி அடங்கின பிறகு சாற்றை ஊற்றி ஒரு கிண்டு கிண்டி மூடிவிடுவோம். அப்போதுதான் நிறம் கிளிப்பச்சையாக நிற்கும். சாறு அடுப்பைக் காணக் கூடாது. கண்டால் நிறம் குளத்துப் பாசியாகிவிடும், மணமும் போய்விடும். இருபது வருசமாக என் கை இதைத்தான் செய்கிறது. மூளையைக் கேட்டுச் செய்வதில்லை.

என்னிடம் கஞ்சி குடிக்க வருகிற ஒரு மிஸ் புற்றுநோய்க் கிளினிக்கில் போசாக்கு வேலை பார்ப்பவர். ஒருநாள் கோப்பையை வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணை, எங்கட ஆக்களுக்கு மருந்து ஏத்தினாப் பிறகு வாயில ஒண்டும் பிடிக்குதில்லை. தண்ணி குடிச்சாலும் இரும்பு நக்கின மாதிரி இருக்காம். டின்னில வாற சத்துமாவைக் கண்டாலே ஓங்காளிக்கினம். இஞ்சத்தை இலை, கிழங்கு, பயறு இதுகளில நாலு குடிவகை செய்து பாப்பமா? எது அவையின்ர தொண்டையால இறங்குது எண்டு தெரிஞ்சா வீட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

ஓம் என்றேன். எனக்கும் பெருமைதான். தெருவோரத்துச் சட்டியை ஆஸ்பத்திரி கூப்பிடுவதென்றால் சும்மாவா.

மிஸ் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "எல்லாம் கொதிக்க வேணும் அண்ணை. பச்சையா ஒரு துளியும் சேரக் கூடாது. மருந்து ஏத்தின உடம்பில காவல்காரன் இல்லை. எங்களுக்கு ஒண்டும் செய்யாத கிருமி அவைக்கு எமன்." அந்தக் காவல்காரன் என்ற சொல் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் மனைவிக்கும் சொன்னேன். சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன், அதற்குள் இருந்த பயத்தைப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமைகளில் கிளினிக். வல்லாரைக் கஞ்சி, ராசவள்ளிக்கிழங்குக் கூழ், பயற்றங்கஞ்சி, கச்சான் என்கிற நிலக்கடலையை அவித்து அரைத்த பால் என்று நாலு சட்டி கொண்டுபோனேன். வல்லாரைச் சாற்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். என் கை கூசினது, ஆனாலும் வைத்தேன். சின்னச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க, மிஸ் ஆளுக்கொரு கடதாசி கொடுத்தார். அதில் ஐந்து முகங்கள் கீறியிருந்தன. சிரிக்கிற முகம் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும். குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

முதல் நாள் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற முகத்தில் போட்டுக் கொடுத்தார்கள்.

மிஸ் கடதாசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தபால்கந்தோரில் இருந்து இளைப்பாறின ஒரு பெரியவர் என் பக்கத்தில் இருந்தார். அவருடைய நாலு கோப்பையும் வாய் வைத்த அடையாளத்தோடு அப்படியே நிறைந்திருந்தன.

"ஐயா, பிடிக்கேல்லையோ?" என்றேன்.

"சீ, என்ன தம்பி கதை இது. அருமையான சாமான். வயித்திலதான் இடமில்லை."

"அப்ப அந்தக் கச்சான் பாலை இன்னும் ஒரு மிடறு..."

"நீ விடியக்காலமை எழும்பிக் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறாய். நான் அழுகிற மூஞ்சையில புள்ளடி போட்டா அது மனிசத்தனமா? குடுத்த கையைக் குறை சொல்லிப்போட்டு நான் எங்க போறது? போற இடத்திலயும் கேப்பாங்களெல்லோ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கிளினிக்கில் மரணத்தை இப்படிப் பகிடியாகத்தான் தட்டிவிட்டுக்கொண்டிருப்பார்கள், சட்டையில் விழுந்த தூசி மாதிரி. ஆனால் விசயம் விளங்கிவிட்டது. எங்கள் சனத்திடம் போய், தந்த சாப்பாடு எப்படி என்று முகத்துக்கு நேரே கேட்டால் பொய்தான் வரும். அது பொய்யும் இல்லை, மரியாதை. அன்று தொடக்கம் மிஸ் கடதாசியை விட்டுவிட்டுக் கோப்பையில் மிஞ்சினதை அளக்கத் தொடங்கினார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் அழுகிற முகத்தில் போட்டிருந்தார். அதுவும் மூன்று இடத்தில், கடதாசி கிழிகிற மாதிரி அழுத்தி.

கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு முஸ்லிம் பொம்பிளை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் எழுத மாட்டேன். நான் தங்கச்சி என்றேன், அவர் அண்ணன் என்றார், அது போதும். புருசன் மீன் லொறி ஓடுகிறவர், வெளியே நின்றுகொண்டிருப்பார். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"அண்ணன், கோவிக்கப்படாது," என்றார். "கிழங்குக் கூழ் பரவாயில்ல. கச்சான் பால் தொண்டையில கம்பளி மாதிரி. பயறு சவர்க்காரம். இந்த வல்லாரைக் கஞ்சி இரிக்கே, இது மௌத்தான கஞ்சி. எடுத்து அடக்கிரணும்."

இருபது வருசத்தில் என் கஞ்சிக்கு மையத்துத் தொழுகை நடத்தின முதல் ஆள் அவர்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுசியை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அது சாறு கொதித்துச் செத்த கஞ்சிதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் சட்டியைத் திறந்த உடனே அவரிடம்தான் முதலில் போவேன். உப்பு இரும்பு ருசியைக் கூட்டுகிறது, தேசிக்காய் இரண்டு துளி விட்டால் அது குறைகிறது, சூடாக இருந்தால் மணம் குமட்டுகிறது, ஆறவிட்டால் இறங்குகிறது. இதெல்லாம் அவருடைய நாக்கு எங்களுக்குச் சொல்லித் தந்தது. தபால்காரப் பெரியவர்கூட கச்சான் பாலை அரைக் கோப்பை குடிக்கத் தொடங்கினார். "கிண்ணியாக் கோடு தீர்ப்புச் சொன்னாப் பிறகு அப்பீல் இல்லை," என்பார்.

ஆனால் தீர்ப்புச் சொன்னவர் வரவர மெலிந்துகொண்டு போனார். நாலாவது வியாழன் அவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ரத்தத்தில வெள்ளை ஏதோ குறைவாம் அண்ணன். மருந்து ஏத்த ஏலாதாம். போன முறையும் இப்பிடித்தான் ஒரு கிழமை தள்ளினாங்க. தள்ளித் தள்ளியே ஒரு நாளைக்கு வேணாம் எண்டுருவாங்களோ எண்டு பயமா இரிக்கி. மருந்து நிண்டா நானும் நிண்டுருவேன். மூத்தவள் இன்னும் ஓ எல் சோதினை எடுக்கல்ல."

அவருடைய கையில் இருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஒண்டு மட்டும் குடிக்கலாம் போல இரிக்கி," என்றார். "உங்கட கடையில விக்கிற கஞ்சி. இந்த ஆஸ்பத்திரிக் கஞ்சி இல்ல. பச்சையா, மணமா. எங்கட ஆள் ஒருக்கா வாங்கிக்கொண்டு வந்தவர், வருத்தம் வர முந்தி."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதே யோசனை. இரத்தம் குறைவு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த முதல் மருந்து பச்சை இலை. வல்லாரையால் இரத்தம் ஊறும், முருங்கையால் இரத்தம் ஊறும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லி விற்றிருக்கிறேன். சிவப்பு இரத்தம் வேறு, அவர் சொன்ன வெள்ளை வேறு என்பது எனக்குத் தெரியாது. அந்த வெள்ளைதான் மிஸ் சொன்ன காவல்காரன் என்பதும் தெரியாது. அவருக்குக் காவல் குறைந்திருக்கிறது என்று அவரே வாயால் சொன்னார். நான் அதைப் பசி என்று விளங்கிக்கொண்டேன்.

அடுத்த வியாழன் காலை குசினியில் ஐந்தாவதாக ஒரு சின்னச் சட்டி வைத்தேன். மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உது ஆருக்கு?"

"தங்கச்சிக்கு. தனிய."

சட்டியை இறக்கி வைத்துச் சாற்றை எடுத்தேன்.

"மிஸ் கொதிக்க வைக்கச் சொன்னவ எல்லோ?"

"கொதிச்சதுதானே."

"அரிசி கொதிச்சது. இலை?"

"இந்தச் சூட்டுக்குள்ள விழுந்தா அதுவும் வெந்த மாதிரித்தான். மூண்டு தரம் உப்புத் தண்ணியில கழுவினனான். இருவது வருசமாக் குடிக்கிற சனம் எல்லாம் செத்தே போச்சு?"

மனைவி திரும்பவும் தேங்காயைத் திருவினார். எங்கள் வீட்டில் அது ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் இல்லை. ஆனால் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கஞ்சியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, மிஸ்ஸின் கண்ணில் படாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸுக்குச் சொல்லாமல் மறைத்தேன் என்றால், அது பிழை என்று என் மனதில் ஒரு மூலைக்குத் தெரிந்திருக்கிறது. இதை எழுதும்போதுதான் அந்த மூலையைப் பார்க்கிறேன்.

கிளினிக் விறாந்தையில் வைத்துக் கொடுத்தேன். தங்கச்சி மூடியைத் திறந்து மணந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தார். திரும்ப ஊற்றினார். அதையும் குடித்தார். கன்னத்தால் கண்ணீர் வழிந்தது.

"அண்ணன், இரும்பு இல்ல," என்றார். "கொஞ்ச நேரம் இரும்பு இல்ல."

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை கடையில் சனம் குறைந்த நேரம் அவருடைய புருசன் வந்து நின்றார். கையில் ஒரு பை. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"அண்ணன், போத்தலைக் குடுக்கச் சொன்னாள்."

பைக்குள் என்னுடைய சுடுதண்ணிப் போத்தல் கழுவித் துடைத்து இருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எந்தச் சனத்திடமும் இல்லாத பழக்கம்.

"தங்கச்சி எப்பிடி?"

"வாட்டில. நேத்துப் பின்னேரம் உதறிக்கொண்டு காய்ச்சல். வயித்தாலயும் போகுது. ராவே கொண்டு வந்துட்டோம்." குரலைத் தாழ்த்தினார். "டொக்டர் கேட்டார், வெளியில என்ன சாப்பிட்ட எண்டு. ஒண்டுமில்ல எண்டு சொல்லிட்டாள். என்னையும் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கினாள். அண்ணனுக்குச் சொல்லுங்க, அண்ணன்ட பெயர் வராது, பயப்பட வேணாம் எண்டு சொல்லி அனுப்பினாள்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அகப்பை கையில் இருந்து நழுவிச் சட்டிக்குள் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் பயந்தது எனக்காகத்தான். கடை போகும், பெயர் போகும், ஆஸ்பத்திரிக்காரன் பொலிசுக்குச் சொல்லுவான். பிறகு இன்னொரு பயம். அவர் கிண்ணியா முஸ்லிம், நான் திருகோணமலை ரவுணுத் தமிழன். நல்ல காலத்தில் அது ஒரு கதையே இல்லை. கெட்ட காலத்தில் அது ஒன்றுதான் கதை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இங்கே ஊருக்கு இரண்டு வாய். இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த மனுசி செத்துப் போனால் என்ற நினைப்பு வந்தது. வந்த பிறகு மற்றது எல்லாம் சின்னதாகிப் போயிற்று.

பகல் பார்வையிடுகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள். மூலைக் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்து, கண் குழிந்து, கையில் சேலைன். என்னைக் கண்டுகொண்டார். தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். சொல்ல வேண்டாம். அந்தத் தலையாட்டலுக்கு அவ்வளவு பாடுபட்டார்.

நான் கோழை. திரும்பி வந்துவிட்டேன். அவரே வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நடுவெயிலில் கடற்கரைப் பக்கத்தால் நடந்தேன். ஊருக்குள் திரிகிற மான்கள் மரநிழலில் படுத்துக்கிடந்தன. உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதினது. அந்தச் சத்தத்தில் நடையைக் கூட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டைபிடிக்க ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய், வியாழனுக்கு வாங்கின வல்லாரையில் மிச்சமிருந்த ஒரு பிடியைக் கொண்டு வந்தார். ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, பிடியை அவிழ்த்துப் போட்டு என் முன்னால் வைத்தார்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேரடியில் இருந்து கறுப்புச் சேறு மெல்ல அவிழ்ந்து இறங்கியது. பிறகு ஒரு இலைக்குக் கீழே இருந்து கடுகளவு நத்தை ஒன்று வெளியே வந்து கிண்ணத்து ஓரத்தால் ஊரத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"வாய்க்கால் கரையில பிடுங்கினது," என்றார் மனைவி. "கழுவினனீங்கள். நான் பாத்தனான். வடிவாத்தான் கழுவினனீங்கள்."

நான் சேட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பார்வையிடுகிற நேரம் முடிந்துவிட்டது. வாசலில் நின்றவர் விடவில்லை. "டொக்டரிட்ட ஒரு விசயம் சொல்ல வேணும், ஒரு உயிர் விசயம்" என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு வெளியே வந்த டொக்டர் இளம் ஆள். எனக்கொரு மகன் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நான் நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை ஏசுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. பேனையை எடுத்தார்.

"எத்தினை மணிக்குக் குடுத்தீங்கள் ஐயா?"

"ஒம்பது, ஒம்பதரை."

"எவ்வளவு?"

"அங்க வைச்சு ரெண்டு மூடி. மிச்சம் வீட்டுக்கு. ஒரு மூண்டு கோப்பை இருக்கும்."

"இலை என்ன தண்ணியில கழுவினது?"

"கிணத்துத் தண்ணி. உப்புப் போட்டு."

"மிச்சத்தை அவ எப்ப குடிச்சவ?"

அது எனக்குத் தெரியாது. டொக்டர் ஒரு முகக்கவசம் தந்து என்னையும் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனார். "அம்மா, இவர் கஞ்சி தந்தவர் எண்டு சொல்லுறார். வீட்டில எப்ப குடிச்சீங்கள்?"

தங்கச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சேலைன் சொட்டுவதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன்.

"அசருக்குப் பிறகு," என்றார் கடைசியில். "பின்னேரம். கொஞ்சம் புளிச்சுப் போயிருந்திச்சு. அதையும் குடிச்சன்."

டொக்டர் எழுதினார். தாதியைக் கூப்பிட்டு மருந்தின் பெயர்கள் சொன்னார், இன்னும் ஒன்று கூட்டச் சொன்னார், எதையோ பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். போகும்போது என்னிடம், "இது காலமை தெரிஞ்சிருந்தா நல்லம் ஐயா," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நான் அதைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

தங்கச்சி என் பக்கம் திரும்பினார். கோபத்தில் கண் மினுங்கியது.

"என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க அண்ணன். தந்தவர்ர பெயரை நான் மூடி வெச்சன். நீங்க வந்து திறந்துட்டீங்க."

"தங்கச்சி, நீங்க செத்துப் போனா..."

"சாகிறது நான்தானே," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனி போய் ஞாயிறு வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை என்று புருசன் போனில் சொன்னார். கடையைத் திறக்கவில்லை. போன் அடித்தால் மனைவிதான் எடுப்பார், நான் பின்வளவுக்குப் போய்விடுவேன். திங்கள் பின்னேரம் கிண்ணியாவில் இருந்து யாரோ நாலு பேர் லொறியில் வந்து என்னை விசாரித்ததாக முன்வீட்டுக்காரர் சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். மனைவி கதவைப் பூட்டினார். பிறகு பார்த்தால், கடை இரண்டு நாளாகப் பூட்டியிருக்கிறதே, அண்ணனுக்குச் சுகமில்லையோ என்று பார்க்க வந்த என்னுடைய பழைய வாடிக்கைக்காரர்கள் அவர்கள். அது தெரிந்த பிறகும் நான் பூட்டைத் திறக்க விடவில்லை. பயம் ஒருதரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குக் கதிரை போட்டுக் கொடுக்கத் தேவையில்லை, தானே எடுத்துப் போட்டுக்கொண்டு இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மிஸ் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இனி நீங்கள் கிளினிக்குக் கொண்டு வர வேண்டாம் அண்ணை. மற்ற மூண்டையும் செய்முறை எழுதித் தாங்கோ, நாங்கள் அங்க காய்ச்சுவம்." வாசலுக்குப் போய்த் திரும்பினார். "நான் எத்தினை தரம் சொன்னனான். நீங்களும் எத்தினை தரம் ஓம் எண்டு சொன்னீங்கள்."

எங்கள் சனத்துக்கு ஓம் சொல்லுவது லேசு. அதுவும் முகத்துக்கு நேரே.

புதன் மத்தியானம் காய்ச்சல் விட்டது. புருசன் போனில் சொல்ல, மனைவி எனக்குக் கைகாட்டினார். பின்வளவில் வாழையடியில் குந்திக்கொண்டிருந்த நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பிறகு டொக்டரைக் கண்டபோது, கஞ்சியால்தான் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பரிசோதனையில் தெளிவாக ஒன்றும் வரவில்லை, இப்படி ஆட்களுக்குக் கஞ்சி குடிக்காமலும் காய்ச்சல் வரும் என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் குற்றவாளி என்றும் இல்லை, சுற்றவாளி என்றும் இல்லை என்று விட்டுவிடுகிற தீர்ப்பை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்கிறது.

தங்கச்சி என்னோடு கதைக்கவில்லை. இரண்டு கிழமை. மூன்றாவது வியாழன் அவருக்குத் திரும்ப இரத்தம் பார்க்கிற நாள் என்று புருசன் சொல்லியிருந்தார். காலையில் கஞ்சிக்கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, வெறுங்கையோடு கிளினிக் வாசலுக்குப் போய் நின்றேன். உள்ளே போக எனக்கு முகம் இல்லை.

லொறியில் இருந்து தங்கச்சியைப் புருசன் பிடித்து இறக்கினார். தோளெல்லாம் எலும்பு. என்னைக் கடந்து போனவர் நின்றார்.

"அண்ணன் ஏன் இஞ்ச நிக்கிறீங்க, பொலிஸ் மாதிரி?"

"சும்மா. உங்கட ரத்தம் என்ன மாதிரி எண்டு..."

"உங்களாலதான் எனக்கு இப்ப கரைச்சல். அந்த டொக்டர் ஒவ்வொரு நாளும் வந்து கட்டில்ல குந்திக்கொண்டு, வேற என்ன மறைச்ச எண்டு கேட்டுக்கொண்டே இரிந்தார். ஒரு கஞ்சிப் பொய் வெளிய வந்த பிறகு மத்தப் பொய் எல்லாம் வரிசையா வந்துட்டு. குளுசையைத் தலாணிக்குக் கீழ வெச்சது, வாய்ப்புண்ணைச் சொல்லாம விட்டது, புள்ளைகளுக்குப் பயம் வரும் எண்டு ராவில வாற நோவைச் சொல்லாதது. இனி எனக்கிட்ட ஒண்டும் மிச்சமில்ல. கழுவின சட்டி மாதிரி இரிக்கன்."

கோபமாகச் சொல்கிறாரா, பகிடியாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. "நில்லுங்க, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புருசனும் நானும் லொறியின் நிழலில் நின்றோம். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். மீன் மணத்தோடு அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தின்ன ஏலவில்லை. உள்ளே ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

பத்து மணி தாண்டியது. பதினொன்றும் தாண்டியது. கதவு திறந்து, கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு அவர் விறாந்தைக்கு வந்தார். அங்கேயே நின்று தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வெள்ளை கூடியிரிக்காம். இண்டைக்கே ஏத்தலாமாம்."

புருசன் முகத்தைப் பொத்திக்கொண்டு லொறியில் சாய்ந்தார். நானும் அழுதேன். தங்கச்சி உள்ளே திரும்பினார், கை நரம்பைத் தேடி ஊசி போடுவித்துக்கொள்ள. மருந்து இறங்க இறங்க உடம்பின் காவல் இன்னொரு தரம் குறையத் தொடங்கும் என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு கிழமையில் அடிமட்டத்துக்குப் போகுமாம். நான் விரலில் நாளை எண்ணிப் பார்த்தேன். வியாழன், வெள்ளி, சனி. அடுத்த வியாழன் வரைக்கும் எண்ணிவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து எண்ணினேன்.